பழைய பெட்டிக்கு ஒரு தனித் தெரு

போன மாதம் அப்பா ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். முப்பது வருடத்துச் சாமான்களில் முக்கால்வாசியைக் கொடுத்தும் எறிந்தும் முடித்த பிறகு மிஞ்சினது இரண்டு சூட்கேஸ், அம்மாவின் படம், ஒரு இடியப்ப உரல், துவாயில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. காரில் வரும்போது அந்தப் பெட்டியை மடியில்தான் வைத்திருந்தார்.

"பிள்ளை, இது இன்னும் உயிரோட இருக்கே எண்டு ஒருக்காப் பார்" என்றார்.

ஒரு இறாத்தல் பாண் அளவுப் பெட்டி. 2011 குளிர்காலத்தில் நான்தான் அதை வாங்கிக் கொடுத்தேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், பின்னால் நெட்வொர்க் கேபிள் போடும் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வீட்டு நெட்வொர்க்கில் இருந்தபடி எல்லாருக்கும் ஃபைல் கொடுக்கிற பெட்டி. அதற்குள் இருந்தது 11 கசெட்டுகளின் ஒலி.

உங்களில் பல பேருக்கு அந்தக் கசெட்டுகளைத் தெரிந்திருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த குரல் கசெட்டுகள். எங்களுக்கு வந்தவை மானிப்பாயில் இருந்த அப்பம்மா பேசி அனுப்பியவை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பெட்டரிக்குத் தடை. ரேடியோ கேட்பதற்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் மின்சாரம் எடுத்த காலம். அப்பம்மாவின் கசெட்டுகளும் அப்படித்தான் பதிவானவை. கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட, அவர்கள் கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, கொழும்பில் தபாலில் போட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ஸ்காபரோவுக்கு வரும்.

2011இல் அப்பாவும் நானும் அந்தப் பழைய ரூ-இன்-வன்னைக் கணினியோடு பொருத்தி, ஒவ்வொரு கசெட்டையும் முழு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பதிவு செய்தோம். 2013 யூலையில் ரொறன்ரோவில் கொட்டின அந்தப் பெருமழையில் அப்பாவின் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வந்தது. சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்த கசெட்டுகள் அத்தனையும் போய்விட்டன. மேல் மாடியில் இருந்ததால் தப்பினது இந்தப் பெட்டி மட்டும்.

இன்னொரு கொப்பி எடுத்து வைத்தேனா என்றால், இல்லை. "எடுக்கத்தானே வேணும்" என்று சொல்லியே இத்தனை வருடம் போய்விட்டது. நான் ஐடி துறையில் வேலை செய்கிறவள் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். மென்பொருள் சோதிப்பது என் வேலை. கேபிளும் கார்டும் என் பக்கம் இல்லை.

பெட்டியை நேரே வீட்டு ரவுட்டரில் செருகியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அதற்கு அப்டேட் வருவது நின்று பல வருடமாகிவிட்டது. மகனின் கேம், இவருடைய அலுவலக லேப்டாப் எல்லாம் உலாவுகிற நெட்வொர்க்கில் பூட்டில்லாத ஒரு கதவைக் கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை. டிஸ்க்கைக் கழற்றி நேரே பூட்டலாமே என்றார் இவர். இத்தனை வயது டிஸ்க்கில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கப் பயமாக இருந்தது. எங்கள் பேஸ்மென்டில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டைப் பூட்டி, பெட்டியை அந்தக் கார்டோடு மட்டும் ஒரு கேபிளால் இணைப்பது என்று முடிவு செய்தேன். முதல் கார்ட் வழக்கம்போல ரவுட்டருக்கு. இரண்டாவது கார்ட் பெட்டிக்கு மட்டும்.

வெள்ளி இரவு கார்டைப் பூட்டினேன். முதல் கேபிளுக்கு விளக்கே எரியவில்லை. லினக்ஸும் 'கேரியர் இல்லை' என்றது. வேறு கேபிள் மாற்றினவுடன் பச்சை விளக்கு வந்தது. நெட்வொர்க் பிரச்சினை எதுவானாலும் முதலில் இதைப் பாருங்கள். கேபிளே பழுதென்றால் மேலே எத்தனை மணி நேரம் தேடினாலும் பயனில்லை.

பிறகு முகவரி. பெட்டிக்கு அன்றைக்கு நான் வைத்த முகவரி 192.168.1.50. அதன் அடியில் ஸ்டிக்கரில் என் கையெழுத்திலேயே இருந்தது. புதுக் கார்டுக்கு 192.168.1.10 என்று கொடுத்தேன். செட்டிங்ஸில் கீழே 'கேட்வே' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைக் கண்டால் நிரப்பாமல் விடமாட்டோமே, அதிலும் ரவுட்டரின் முகவரியைப் போட்டுவிட்டேன்.

பெட்டியைக் கூப்பிட்டுப் பார்க்க பிங் அடித்தேன். 'சேர வேண்டிய இடத்தை அடைய முடியவில்லை' என்ற வரியே திரும்பத் திரும்ப வந்தது. ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். விளக்கு இரண்டு பக்கமும் எரிகிறது, பெட்டிக்குள் டிஸ்க் சுத்துகிற சத்தம் கேட்கிறது, ஆனால் பதில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அப்பா படியில் இறங்கி வந்து, கீழே வராமல் பாதியில் நின்று கேட்டார்.

"என்ன பிள்ளை, செத்துப் போச்சே?"

"இல்லையப்பா. கதைக்குதில்லை. நீங்கள் போய்ப் படுங்கோ."

அவர் போகவில்லை. படியில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். நான் ஸ்க்ரீனைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, கணினியை அணைத்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன்.

சனி காலை பத்து வயது மகனின் சத்தத்தில்தான் எழும்பினேன். அவனுடைய ஒன்லைன் கணித வகுப்பு அந்தக் கணினியில்தான். "அம்மா! நோ இன்டர்நெட்!" கைபேசிகளில் எல்லாம் இன்டர்நெட் இருக்கிறது. பேஸ்மென்ட் கணினியில் மட்டும் இல்லை. அவனை என் லேப்டாப்பில் இருத்திவிட்டு, இரவு நான் எதை உடைத்தேன் என்று பார்க்கப் போனேன். பழக்கத்தில் பெட்டிக்கு ஒரு பிங் அடித்தேன்.

பதில் வந்தது.

இரவில் இன்டர்நெட் இருந்தது, பெட்டி இல்லை. காலையில் பெட்டி இருக்கிறது, இன்டர்நெட் இல்லை. இடையில் நடந்தது ஒரு ரீபூட் மட்டும். வகுப்பு முடிந்து வந்த மகன் என் தோளுக்கு மேலால் கைபேசிப் படத்தைப் பார்த்தான். அந்தப் பிழை வரியின் தொடக்கத்தில் ஒரு முகவரி இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஹூ இஸ் ட்வென்டி த்ரீ?" என்று கேட்டான்.

"எந்த இருபத்திமூண்டு?"

"இஞ்ச. ஃப்ரம் 192.168.1.23. யூ செட் டென், ரைட்?"

23 என்பது முதல் கார்டின் முகவரி. அதாவது இரவு முழுக்க என் கேள்விகள் புதுக் கார்டால் வெளியே போகவே இல்லை. பழைய கார்டால் வீட்டு நெட்வொர்க்குக்குப் போய், அங்கே 'யார் 50?' என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் திரும்பி வந்திருக்கின்றன. பெட்டியை யாரும் கூப்பிடவே இல்லை. அது பேசவில்லை என்று நான் அதைக் குறை சொன்னேன்.

காரணத்தை மகனுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன். முகவரியின் முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர் மாதிரி. கடைசி எண் வீட்டு இலக்கம். எங்கள் ரவுட்டரின் தெரு 192.168.1. பெட்டிக்கு நான் வைத்த தெருவும் 192.168.1. மார்க்கத்திலும் மெயின் ஸ்ட்ரீட் இருக்கிறது, ரொறன்ரோவிலும் மெயின் ஸ்ட்ரீட் இருக்கிறது. ஊரைச் சொல்லாமல் 'மெயின் ஸ்ட்ரீட் 50க்கு விடுங்கோ' என்றால் டாக்சிக்காரர் தனக்குப் பழக்கமான பக்கத்துக்குத்தான் விடுவார். லினக்ஸ் செய்ததும் அதுதான். ஒரே தெருவுக்கு இரண்டு வழி இருந்தால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு எண் இருக்கும். எண் குறைந்த வழிதான் எப்போதும் வெல்லும். முதலில் எழும்பின கார்டுக்கு 100, அடுத்ததுக்கு 101. இரவில் பழைய கார்ட் முந்தியிருந்தது. ரீபூட் செய்ததும் புதுக் கார்ட் முந்திக்கொண்டது. அதோடு நான் காலிக் கட்டத்தில் போட்ட கேட்வே, 'உலகத்துக்குப் போகிற வழி இதுதான்' என்று அந்தக் கார்டிடம் சொல்லி வைத்திருந்தது. அந்தக் கேபிளின் மறுமுனையில் உலகம் இல்லை, ஒரு பழைய பெட்டி மட்டும். இன்டர்நெட் எப்படி வரும்?

இதே மாதிரி யாராவது மாட்டிக்கொண்டால், லினக்ஸிடம் 'இந்த முகவரிக்கு எந்த வழியால் போவாய்?' என்று நேரடியாகக் கேட்க ஒரு கட்டளை இருக்கிறது: ஐபி ரூட் கெட், பிறகு அந்த முகவரி. ஒரே வரியில் கார்டின் பெயரைச் சொல்லிவிடும். வெள்ளி இரவு இதைக் கேட்டிருந்தால் ஒன்பதரைக்கே படுத்திருப்பேன்.

திருத்தம் சின்னது. பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிரவுசரில் அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், முகவரியை 10.10.10.2 என்று மாற்றினேன். பத்தில் தொடங்குகிற முகவரிகளும், 192.168இல் தொடங்குபவை மாதிரியே, வீடு, அலுவலகம் போன்ற தனி நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. மாற்றினவுடன் அந்தப் பக்கம் உறைந்து நின்றது. மகன் பயந்துவிட்டான். பெட்டி புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டது, நாங்கள்தான் இன்னும் பழைய தெருவில் நிற்கிறோம் என்றேன். புதுக் கார்டுக்கு 10.10.10.1 கொடுத்தேன். கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டேன். 'இந்த இணைப்பை அதன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து' என்று கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் சரி போட்டேன். இரண்டு முறை ரீபூட் செய்து பார்த்தேன். பெட்டியும் இருந்தது, இன்டர்நெட்டும் இருந்தது.

முடிந்தது என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் சேட்டுப் போட்டுக்கொண்டு கீழே வந்து கதிரையில் இருந்தார். ஃபைல்களைத் திறக்கப் போனால், 'ஹோஸ்ட் இஸ் டவுன்', பெட்டி படுத்துவிட்டது என்று பிழை வருகிறது. பிங் அடித்தால் பெட்டி உடனே பதில் சொல்கிறது.

இந்த இடத்தில் பலர் மீண்டும் கேபிளைப் பிடுங்கத் தொடங்குவார்கள். வேண்டாம். பழைய பெட்டிகளில் இந்தப் பிழைக்கு வழக்கமான அர்த்தம் வேறு. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்கிற எஸ்எம்பி என்ற முறைக்குப் பல பதிப்புகள் உண்டு. அந்தத் துறையில் ஒவ்வொரு பதிப்பையும் 'டயலெக்ட்', அதாவது பேச்சு வழக்கு என்றே சொல்வார்கள். எங்கள் பெட்டிக்குத் தெரிந்தது ஆகப் பழைய முதல் வழக்கு மட்டும். 2017 மே மாதம் பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கின வானாக்ரை பரவினது விண்டோஸில் அந்த முதல் வழக்கில் இருந்த ஓட்டையால். அதே வருடத்திலிருந்து லினக்ஸும், கேட்காவிட்டால், அந்த வழக்கில் பேசுவதில்லை. பெட்டி சாகவில்லை. புதுக் கணினி அதன் பேச்சைப் பேச்சாகவே எடுக்கவில்லை. கட்டளையின் கடைசியில் 'பதிப்பு 1.0' என்று சேர்த்துக் கேட்டவுடன் கதவு திறந்தது. பெட்டிக்கென்று தனிக் கேபிள் போட்டதால்தான் அந்தப் பழைய வழக்கைப் பயமில்லாமல் பேசவிட முடிந்தது.

22 ஃபைல்கள். 11 கசெட்டுகள், இரண்டு பக்கம். மொத்தம் ஏழு ஜிபி அளவில். கொப்பி பண்ண ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு கொப்பி கணினியில். இன்னொன்று சின்ன டிஸ்க்கில், தம்பி வீட்டுக்குப் போக.

எதைப் போட என்று அப்பாவைக் கேட்டேன். "94" என்றார்.

முதலில் ஒரு இரைச்சல். டைனமோவின் இரைச்சல், பெடல் வேகம் குறைய அதுவும் இறங்கி, கூட ஏறுகிறது. அதற்கு மேலே அப்பம்மா. "என்ன மோனை, சுகமா இருக்கிறியே? இஞ்ச பெரியவன் நிண்டு உழக்கிறான், களைச்சுப் போவான், கெதியாச் சொல்லி முடிக்கிறன்." கிணற்றடி வாழை குலை தள்ளினது, மண்ணெண்ணெய் விலை, யார் யார் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார், அவர் முன்னால் நின்று சொல்வது மாதிரி.

பிறகு அது வந்தது. 2011இல் பதிவு செய்தபோது நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது சத்தத்தின் அளவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

"போனமுறை அனுப்பின கசெட்டில பிள்ளை ஏன் ஒண்டும் கதைக்கேல்லை? வெக்கமே? அவளின்ர குரலைக் கேக்க ஆசையாக் கிடக்கு. அடுத்தமுறை கட்டாயம் கதைக்கச் சொல்லு."

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா மைக்கை நீட்டுவார், நான் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். வெட்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். வெட்கம் இல்லை. அப்பம்மா சொல்வது எனக்கு முழுக்க விளங்கும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அது அவவுக்கு விளங்காது என்று எனக்குத் தெரியும். அடுத்தமுறையும் நான் கதைக்கவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அப்பம்மா மானிப்பாயை விட்டு வெளிக்கிட்டார். அதற்குப் பிறகு கசெட் வரவில்லை.

மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெல்லக் கேட்டான். "தாத்தா, ஹூ இஸ் பிள்ளை?"

"உன்ர அம்மாதான்" என்றார் அப்பா.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டு கார்டுகளும் மனதுக்குள் நின்றன. எங்கள் வீட்டிலும் இரண்டு மொழிகள், ஒரே தெருவுக்குத்தான். சாப்பிட்டியா, ஹோம்வேர்க் செய்தியா, சப்பாத்தைப் போடு. எல்லாவற்றுக்கும் இரண்டு வழியும் இருக்கிறது. எண் குறைந்த வழி இங்கிலீஷ். நான் தமிழில் கேட்கிறேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். விளக்கு எரிகிறது, கேபிள் நல்ல கேபிள், ஆனால் அந்தப் பக்கத்தால் எதுவும் போவதில்லை. 'தமிழில சொல்லு' என்று நான் கத்துவது, பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தது மாதிரித்தான். தமிழால் மட்டும் போய்ச் சேரக்கூடிய ஏதாவது ஒன்று அவனுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். அது என்னவென்று சொல்லித்தர எந்தச் செட்டிங்ஸ் கட்டமும் இல்லை. ஆனால் இப்போது சனிக்கிழமைகளில் அவனும் அப்பாவும் கீழே போய் ஒரு ஃபைல் கேட்கிறார்கள். விளங்காத இடத்தில் அவன் நிறுத்துகிறான், அப்பா சொல்கிறார். 'உழக்கிறது' என்றால் பெடல் பண்ணுவது என்று அவன்தான் எனக்கு வந்து சொன்னான், எனக்குத் தெரியாது என்று நினைத்து.

பதில் இன்னும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வருகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டியோ, கசெட்டோ, பழைய கைபேசியோ இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பி எடுத்துவிடுங்கள். முடிந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். நாங்கள் பார்க்காமல் விடுகிற எண்ணை அவர்கள் பார்ப்பார்கள்.

போன கிழமை அந்தக் கணினியில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தேன். லினக்ஸ் தானாக வைத்த 'வயர்டு கனெக்‌ஷன் 1', 'வயர்டு கனெக்‌ஷன் 2' என்ற பெயர்களை யாரோ மாற்றியிருந்தார்கள். முதலாவது 'வீடு'. இரண்டாவது 'அப்பம்மா'. தமிழ் எழுத்தில். 'ம்'மில் ஒரு புள்ளி குறைந்திருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.